சும்மா நடக்கிறவள்

மலாயில் ‘ஜாலான்’ என்றால் சாலை. அதையே இரண்டு தடவை சொன்னால், ஜாலான்-ஜாலான், வேலை வெட்டி இல்லாமல் காலாற நடப்பது. மலேசியாவில் எல்லா இனத்தாரும் இந்த வார்த்தையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். நான் வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் இது செல்லுபடியாகாது. அங்கே நடப்பது என்றால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. லயத்திலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து நிறுவைக்கு. எதிரே வருகிற எல்லோரும் “எங்க போற?” என்று கேட்பார்கள். கேட்பது அன்பாகவும் இருக்கும், வேவாகவும் இருக்கும். “சும்மாதான்” என்று ஒரு பொம்பளப்பிள்ள சொன்னால் அவளுக்குக் கிறுக்கு, இல்லையென்றால் காதல்.

போன வருஷம் லண்டனில் ஆறு நாள் தனியாக நடந்தேன். அந்த ஆறு நாளும் ஒருத்தர்கூட என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. மியூசியமும் அரண்மனையும் பார்த்த சந்தோஷத்தைவிட இதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்த பிறகும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காமல் நடக்கிற வசதி எனக்கு எப்படிக் கிடைத்தது? கிடைத்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யவேண்டும்?

நான் படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், சிவில். வேலை ஈப்போவில். மலைச்சாலைகளின் சரிவுகளை ஆய்வு செய்து எது எப்போது சரியும் என்று அறிக்கை எழுதுவது. அந்தக் கண்ணோடு தேயிலைக் காட்டைப் பார்த்தால் அங்கே வீண் பாதை என்று ஒன்றுமே இல்லை என்பது தெரியும். சுற்றுலாப் பயணிகள் ‘பச்சைக் கம்பளம்’ என்று படம் பிடிக்கிற மலையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கணக்கு. பறித்த கொழுந்து மூட்டைக்குள் சூடேறிக் கெடுவதற்குள் தொழிற்சாலை சேரவேண்டும். ஆகவே லாரிப் பாதை இங்கே, நிறுவை அங்கே, ஆள் ஏறும் இடுக்கு இவ்வளவு அகலம். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தை ஆரம்பித்தபோதும், பிறகு மற்றவர்கள் வந்தபோதும், காட்டை அழித்து வரைந்தது இந்தக் கணக்கைத்தான். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி ஒரு கணக்குக்குள் நடந்தவள். அவள் நடந்த தூரத்தை நேராக்கினால் லண்டனுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம் என்று அப்பா சொல்வார். அது மிகையா இல்லையா என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

லண்டனில் நான் தங்கியது வைட்சேப்பல் பக்கம், ஒரு மலிவான விடுதியில். முதல் நாள் மேப்பைப் பார்த்துத்தான் நடந்தேன். இரண்டாம் நாள் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆல்ட்கேட் தாண்டி லெடன்ஹால் தெருவில் கொஞ்சதூரம் போனால் குழாய்களும் இரும்பும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கட்டடம் வரும். லாய்ட்ஸ். 1986-ல் திறந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் படமாக இருந்த கட்டடம், அதனால் நின்று பார்த்தேன். அது நிற்கிற இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. 1861-ல் இடித்துவிட்டார்கள்.

அந்த ஈஸ்ட் இந்தியா ஹவுஸில் சார்ல்ஸ் லாம் 33 வருஷம் கணக்கெழுதினார். நம் பாஷையில் சொன்னால் கிராணி. 1792-ல் சேர்ந்து 1825-ல் ஓய்வு பெற்றார். வேலையை விட்ட பிறகு கைநிறையக் கிடைத்த நேரத்தில் எப்படி நடப்பது என்று தெரியாமல் தவித்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவசரமாக ஓடி ஓடிப் பார்த்த தெருக்களில் நிதானமாக நடக்கப் பழகிக்கொள்கிற ஒரு மனிதரின் கட்டுரை. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துக் கிராணிதான் ஞாபகத்துக்கு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அதே நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

லாய்ட்ஸைச் சுற்றி லைம் தெரு வழியாக இறங்கி ஃபென்சர்ச் தெருவைக் கடந்தால் மின்ஸிங் லேன். ஒரு சந்துதான், சில நிமிஷத்தில் நடந்து முடித்துவிடலாம். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரீகளுக்குச் சொந்தமாக இருந்த இடம், பெயர் அதிலிருந்து வந்தது. பிறகு அது தேயிலைத் தெரு ஆனது. லண்டனில் தேயிலை ஏலம் 1679-ல் ஆரம்பித்து 1998 ஜூன் 29 அன்று முடிந்தது. கடைசி ஏலத்தின்போது எனக்கு ஒரு வயது. 319 வருஷத்தில் பெரும்பகுதி இந்தச் சந்தும் இதைச் சுற்றியுள்ள தெருக்களும்தான் தேயிலை வியாபாரத்தின் தலைவாசல். பக்கத்தில் கிரேட் டவர் தெருவில் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட். மலேசியத் தோட்டத்தில் தாத்தா பாட்டி இருந்த யாருக்கும் அந்தக் கம்பெனியின் பெயர் தெரிந்திருக்கும். இப்போது எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். மதியச் சாப்பாட்டு நேரம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர்கள் சாண்ட்விச்சோடு வேகமாகப் போனார்கள். நான் மட்டும் எங்கும் போகாமல் நின்றேன்.

இந்த இடத்தில் ஒரு வசனம் எழுதத் தோன்றும். ‘என் பாட்டியின் வியர்வையில் எழுந்த நகரம் இது, இதில் நான் சும்மா நடப்பதே ஒரு பழிதீர்ப்பு’ என்று. வெளிநாடு போய் வந்த நம் ஆட்கள் பலர் இப்படி எழுதிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. பாட்டிக்கு வரவேண்டிய கூலியை நான் டவர் பிரிட்ஜில் காற்று வாங்கித் தீர்த்துக்கொள்ள முடியாது. அவளிடமிருந்து எடுக்கப்பட்டது அவளுடைய நேரம். எனக்குக் கிடைத்தது என்னுடைய லீவு. இரண்டும் ஒரே கணக்கில் வராது. இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வசனமும் உண்டு: இவ்வளவு ரத்தம் சிந்தின இடத்தில் உல்லாசமாக நடப்பதே பாவம் என்பது. அதுவும் சுலபமானதுதான். குற்றவுணர்ச்சியோடு நடந்தாலும் கால் அதே இடத்துக்குத்தான் போகிறது.

நடப்பவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அதிகம் உதவியது காந்தியின் சுயசரிதை. 1888 முதல் 1891 வரை லண்டனில் மாணவனாக இருந்தபோது செலவைக் குறைக்க வண்டியை விட்டுவிட்டு தினமும் பல மைல் நடந்தார். போகவேண்டிய இடத்துக்கு நடந்தே போகும்படி அறை தேடிக்கொண்டார். நோய் நொடி இல்லாமல் இருந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்கிறார். ஓர் இந்திய இளைஞன், பேரரசின் தலைநகரம், யாரும் தடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1893-ல், அதே மனிதர் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் இருக்கிறார். அங்கே இந்தியர்கள் நடைபாதையில் நடக்கக்கூடாது, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே வரக்கூடாது. ஒரு நண்பர் அவரை அரசாங்க வழக்கறிஞரிடம் அழைத்துப் போகிறார். அந்த வழக்கறிஞரும் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். வெறும் சீட்டு கொடுப்பதற்குப் பதில், எந்த நேரத்திலும் போலீஸ் தொந்தரவு இல்லாமல் நடக்கலாம் என்று ஒரு கடிதமே எழுதிக் கொடுக்கிறார். காந்தி எங்கே போனாலும் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அப்படியும் ஒருநாள் அதிபர் குரூகரின் வீட்டுப் பக்கம் நடைபாதையில் போனபோது காவலுக்கு நின்ற போலீஸ்காரன் ஒரு வார்த்தை பேசாமல் தள்ளி, உதைத்துத் தெருவில் இறக்கினான்.

எனக்கு இதில் உதையைவிடக் கடிதம்தான் முக்கியமாகப் படுகிறது. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சட்டைப்பையில் இருக்கிறது. அதே ஊரில் கூலி வேலைக்கு வந்த தமிழர்களுக்கு அந்தக் கடிதம் இல்லை. காந்தி சும்மா நடக்க முடிந்தது அவர் மனிதர் என்பதால் அல்ல, எழுதிக் கொடுத்தவருக்கு அவர் தன் மாதிரி ஆளாகத் தெரிந்ததால்.

என் சட்டைப்பையிலும் ஒரு கடிதம் இருக்கிறது. சிவப்பு அட்டை போட்ட மலேசியக் கடப்பிதழ். சுற்றுலாவுக்கு என்றால் ஆறு மாதம்வரை பிரிட்டனில் விசா வேண்டாம். ஹீத்ரோவில் அதிகாரி முகத்தைப் பார்த்தார், கதவு திறந்தது. பாட்டிக்கும் ஒரு சிவப்பு அட்டை இருந்தது, சிவப்பு ஐ.சி. இங்கேயே பிறந்தவள்தான், பிறந்ததற்குக் காகிதம் இல்லை. மெர்டேக்காவுக்குப் பிறகும் குடியுரிமை இல்லை. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டி எப்படியோ தங்கிவிட்டாள், ஆனால் கடைசிவரைக்கும் சிவப்பு ஐ.சி.தான். பாஸ்போர்ட் எடுக்க முடியாது. “எனக்கு எதுக்குடி பாஸ்போர்ட், தானா ராத்தா போறதுக்கா?” என்று கேட்பாள். எங்கள் லயத்திலிருந்து தானா ராத்தா டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம்.

அமெரிக்கரான தோரோ நடப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை 1862-ல் வெளிவந்தது. உண்மையான நடைக்கு ஒருவன் தயாராக வேண்டுமென்றால் முதலில் கடன்களை அடைத்துத் தன் காரியங்களையெல்லாம் முடித்துவிட்டுச் சுதந்திரமானவனாக இருக்கவேண்டும் என்கிறார். அழகான எண்ணம்தான். அதே காலத்தில் இலங்கையின் மலைத்தோட்டங்களில் தமிழர்கள் வேறுவிதமாக இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அங்கே ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளி கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்ட கடன் தீர்ந்தால்தான் விடுவிக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கிற காகிதம். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. கடன் தீராது, ஆகவே துண்டும் வராது. 1921-ல்தான் அதைச் சட்டம்போட்டு ஒழித்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் முடிகிறவரைக்கும், ஒப்பந்தத்தில் இருக்கிறவன் தோட்டத்தை விட்டு நடந்து வெளியேறுவது குற்றம். வேலையை விட்டது என்று அல்ல, ‘ஓடிப்போனது’ என்று எழுதுவார்கள். நடந்துதான் போயிருப்பான். சொந்தக் கால் என்பதால் அது ஓட்டம்.

எங்கள் மலையிலேயே இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், தானா ராத்தாவில் நண்பர்களுடைய மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தார். மற்றவர்கள் மதியம் படுத்திருந்த நேரம் தனியாக நடக்கப் போனார். சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று ஒரு பெரும் கூட்டம் காட்டைச் சல்லடை போட்டது. இன்றுவரை விடை இல்லை. அந்தக் கதையைச் சொல்லாத டூரிஸ்ட் கைடு எங்கள் ஊரில் கிடையாது. சின்ன வயதில் எனக்கு அதில் ஒரே ஆச்சரியம்: ‘எங்க போறீங்க?’ என்று யாருமே கேட்காத அளவுக்கு ஒரு மனிதர் இருக்க முடியுமா? பாட்டி தொலைந்திருந்தால் மறுநாள் காலை ஆறு மணிப் பெரட்டில் தெரிந்துவிடும். தேடுவார்களா என்பது வேறு விஷயம். (இந்த மலைக்கே 1885-ல் நடந்து வந்து போன சர்வேயர் வில்லியம் கேமரனின் பெயர்தான். அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக இங்கே நடந்த ஓராங் அஸ்லிகளின் பெயர் ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும்தான் மிஞ்சியது.)

லண்டனிலும் எல்லோருக்கும் இது கிடைத்துவிடவில்லை. 1824-ல் அங்கே வந்த நாடோடிச் சட்டம் வீடில்லாமல் தெருவில் படுப்பதையே குற்றமாக்கியது. இன்றைக்கும் கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதிப்பது வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று அரசாங்கப் புள்ளிவிவரமே சொல்கிறது. நேரவித்தியாசத்தில் தூக்கம் வராமல் ஒருநாள் அதிகாலை ஐந்து மணிக்கு ஆல்ட்கேட் பக்கம் நடந்தேன். கட்டடங்களிலிருந்து துப்புரவு வேலை முடித்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்கர்கள், தென்னமெரிக்கர்கள் மாதிரித் தெரிந்தது. யாரும் அக்கம்பக்கம் பார்க்கவில்லை, நேரே பஸ் நிறுத்தத்துக்கு. அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர்களில் ஓர் அம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தனியாக நிற்கிறாளே, வழி தெரியவில்லையோ என்கிற பார்வை. அந்த ஆறு நாளில் என்னை யாராவது கேள்வி கேட்க வந்தார்கள் என்றால் அது அவள்தான். வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பி வந்த வாரமே மாமா வீட்டுக்குப் போனேன். மாமா தேயிலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஒரு காய்கறிப் பண்ணையில் மண்டோர். அவருக்குக் கீழே பதினொரு பேர், எல்லோரும் வங்காளதேசிகள். இன்றைக்குக் கேமரன் மலையில் கொழுந்து வெட்டுவதும் தக்காளி பறிப்பதும் பெரும்பாலும் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள்தான். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கே.எல்.லுக்கும் போய்விட்டோம். மாமாவின் ஆபீஸ் மேசையில் ஓர் இழுப்பறை, பூட்டு போட்டது. பதினொரு பாஸ்போர்ட்டும் அதற்குள். ஆளுக்கொரு நகல் கையில் கொடுத்திருக்கிறார். நகலை வைத்துக்கொண்டு அவர்கள் பிரிஞ்சாங் பாசாருக்குப் போனால் ரோட்டில் போலீஸ் நிறுத்துகிறது. ஒரிஜினல் எங்கே என்று கேட்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை லீவிலும் அவர்கள் கொங்சி வீட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை.

“ஏன் மாமா நீங்க வெச்சிருக்கீங்க?”

“பாதுகாப்புக்குத்தான். தொலைச்சிட்டா அவனுங்களுக்குத்தானே கஷ்டம்.”

“1966 பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வெச்சிருக்கிறது குத்தம்.”

“சட்டம் பேசாத. ஒருத்தன் ஓடிட்டா கட்டுன லெவிக்கு யாரு பதில் சொல்றது? டவுக்கே என்னைத்தான் கேப்பான்.”

ஓடிட்டா. அதே வார்த்தை. மாமாவின் அம்மாதான் என் பாட்டி என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கோபம் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பையன்களில் ஒருவனுக்கு டெங்கி வந்தபோது இரவோடு இரவாக மலையிறங்கி ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். டவுக்கே வைத்த வழக்கத்தை அவர் தொடர்கிறார். மேலே இருக்கிறவன் கேட்பான், ஆகவே கீழே இருக்கிறவனை நான் கேட்கிறேன். “எங்க போற?” என்கிற கேள்வி இப்படித்தான் மலையிலிருந்து மலைக்கு நூறு வருஷமாக இறங்கி வந்திருக்கிறது. தொடங்கியவர்களின் கட்டடத்தை மின்ஸிங் லேனில் இடித்து வேறு கட்டிவிட்டார்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். சாவியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இழுப்பறையைப் பூட்டாதீர்கள். வேண்டியவன் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாதவன் விட்டுவைக்கட்டும். உலகத்தைத் திருத்தும் திட்டம் இல்லை இது. எனக்கு ஹீத்ரோவில் கதவு திறந்ததற்கும் இந்த இழுப்பறைக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். என் கடப்பிதழை யாராவது ‘பாதுகாப்புக்கு’ வாங்கி வைத்திருந்தால் நான் லண்டனைத் தாண்டி வேண்டாம், வைட்சேப்பல் விடுதியைத் தாண்டியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. அத்தை என் பக்கம் சேர்ந்தபிறகுதான் அசைந்தார், டவுக்கேயிடம் அவரே பேசினார். இப்போது பூட்டு இல்லை. பதினொன்றில் நான்கு பாஸ்போர்ட்டுகள்தான் எடுக்கப்பட்டன. மற்ற ஏழு பேரும் கொங்சியில் வைத்தால் நனைந்துவிடும், திருடு போய்விடும், உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாமா இதை எனக்குப் போன் போட்டுச் சொன்னபோது குரலில் அப்படி ஒரு வெற்றி.

“பாத்தியா, நான் சொல்லல?”

அந்த நாலு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். ஓடவில்லையாம். ஒருவன் மட்டும் ஞாயிறுதோறும் காலையில் கிளம்பி மதியம்வரை காணாமல் போகிறானாம். வெஸ்டர்ன் யூனியனுக்கும் போகவில்லை, பாசாருக்கும் போகவில்லை. எங்கேதான் போறான் என்று மாமாவுக்கு ஒரே தவிப்பு.

“கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன். ஜாலான்-ஜாலான்ங்கிறான்.”